குழம்பு மீன் கேஸ்

கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ரசம் வரும்வரை பொறுத்திருப்பார்கள். ரசம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், என் ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்டு" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஃப்ரெண்டு யார் என்று எனக்கும் தெரியும், அந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருக்கும் அவர் மனைவிக்கும் தெரியும். மேடையில் மாலை வாடாமல் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க, கீழே நான் விவாகரத்துச் சட்டத்துக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பேன். அதற்குள் பாயசம் ஆறிப்போகும். அந்த ஒன்றுக்குத்தான் எனக்குக் கோபம் வரும்.

புதுச்சேரியில் நான் வக்கீல். உப்பளத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் ஆபீஸ். பலகையில் 'வழக்கறிஞர்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை எல்லாமும் பார்க்கிறேன். ஆனாலும் கீழே வழி கேட்பவர்கள் "டைவர்ஸ் வக்கீலம்மா ஆபீஸ் எது?" என்றுதான் கேட்கிறார்கள். தையல்காரரும் வாயிலிருக்கும் ஊசியை எடுக்காமலே கட்டைவிரலால் மேலே காட்டிவிடுவார். மின்துறையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் புதியவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது, "எங்க வீட்டுல சண்டையே கெடையாது சார். எதிர்த்துப் பேசுனா வாய்தா குடுத்துடுவாங்க" என்பார். இருபது வருஷமாக இதே ஜோக்கு. அதற்கே ஒரு மனு போடலாம்.

கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள், கேட்கிற முகம்தான் மாறும். "ஸ்டாம்ப் பேப்பர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு நோட்டரிகிட்ட சீலும் வாங்கிட்டோம். முடிஞ்சிடுச்சில்ல?" முடியவில்லை. சீல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நீங்கள் இன்னும் புருஷன் பெண்டாட்டிதான். "ரெண்டு பேருக்கும் சம்மதம், அடுத்த வாரம் கெடைச்சிடுமா?" கிடைக்காது. கல்யாணமாகி ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், ஒரு வருஷம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகும் யோசித்துப் பார்க்க ஆறு மாதம் உண்டு. இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று கோர்ட்டுக்குத் தோன்றினால் அந்த ஆறு மாதத்தை விட்டுக்கொடுக்கலாம். "குழந்தை யாருக்கு மேடம்?" குழந்தை யாருக்கும் பரிசு இல்லை. அதற்கு எது நல்லது என்றுதான் பார்ப்பார்கள். இதைச் சொன்னதும் அப்பாவும் அம்மாவும் ஒரே மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்த ஒற்றுமையைப் பார்த்தால் இவர்கள் ஏன் பிரிகிறார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே பிரிஞ்சி இருந்தா கணக்குல சேருமா?" என்றும் கேட்பார்கள். சேரும், புருஷன் பெண்டாட்டியாக வாழவில்லை என்றால். அப்படி ஒரு ஜோடி மாடியில் ஒருவர், கீழே ஒருவர் என்று இருந்து, மனு போட்டு, விசாரணை நாளில் ஒரே ஸ்கூட்டரில் கோர்ட் வாசலில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மாள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வேறு இறங்கினாள். நான் ஓடிப்போய், "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். "பெட்ரோல் விக்கிற வெலையில ரெண்டு வண்டியா மேடம்?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். விவாகரத்து கிடைத்துவிட்டது. ஸ்கூட்டர் யாருக்கு என்பதில்தான் கடைசிவரை இழுபறி.

டைவர்ஸ் வக்கீல் என்ன செய்வார் என்று என்னைக் கேட்டால், பாதி நேரம் காது கொடுப்பார், மீதியில் பாதி நேரம் திட்டுவார், மிச்சத்தில்தான் சட்டம் என்பேன். இதில் காது கொடுக்கும் வேலைதான் கஷ்டம். என் ஆபீஸில் நடந்த ஒரு சண்டையை நான் காது கொடுத்துக் கேட்டிருக்காவிட்டால், நான் நடத்தியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேஸ் கைநழுவிப் போயிருக்கும்.

ஒரு மழைக்கால மதியம் மாடிப்படியில் ஒரு குடை முதலில் வந்தது, பின்னால் உயரமான, ஒல்லியான ஒரு பெரியவர் வந்தார். வெளுத்த அரைக்கைச் சட்டை, பளபளக்கும் ஷூ. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் இவர்களைச் 'சொல்தா' என்போம். அவர் குடையை மடக்கி, தண்ணீர் உள்ளே சொட்டாமல் வாசலில் சாய்த்துவிட்டு, பின்னால் வந்த பெண்மணிக்கு வழிவிட்டு நின்றார். அந்த அம்மாள் கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் ஒரு மீனவ கிராமம். அங்கிருந்து தினமும் மீன் கொண்டுவந்து உப்பளத்துத் தெருக்களில் விற்பவள். எங்கள் வீட்டுக்குக் கூட ஒரு காலத்தில் மீன் போட்டிருக்கிறாள். பேரம் பேசுவதில் நான் அவளிடம் தோற்றவள்.

"வக்கீலம்மா, எனக்கு டைவர்ஸ் வேணாம். எனக்குத்தான் எப்பவோ ஆயிடுச்சே. ஆயிடுச்சின்னு ஒரு பேப்பர் மட்டும் வேணும்" என்றாள்.

"எந்தக் கோர்ட்டுல ஆச்சு?"

"கோர்ட்டு என்னாத்துக்கு? எங்க ஊரு கோயில் வாசல்ல. பஞ்சாயத்து கூடி அத்துவுட்டாங்க. ஊரே பாத்துச்சி. தாலிய அவுத்து அவங்க கையில குடுத்துட்டேன். அவுரு வேற கட்டிக்கினு ரெண்டு பொண்ணு இருக்குது. நான் என் பொழப்பப் பாத்துக்கினு இருக்கேன்."

"ஏன் பிரிஞ்சீங்க?"

"அவுரு கடல்ல நல்லவரு. கரைக்கு வந்தாத்தான் ஒத்துவராது" என்றாள். அதில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது ஏன் பேப்பர் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் பிரான்ஸில். போன மழையில் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். மீன் கொடுக்க வந்தவள்தான் கதவைத் தள்ளிப் பார்த்து, ஆட்டோ பிடித்து, கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.

"சீட்டுப் போடுற எடத்துல கேட்டாங்க, பேஷண்டுக்கு நீங்க என்னா உறவுன்னு" என்றாள் அவள். "தப்பா ஒண்ணும் கேக்கல. எனக்குத்தான் வாய் வர்ல. மீன்காரின்னேன். சொல்லிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. உள்ள அவுரு கெடக்குறாரு, நான் மீன்காரியாம்."

பெரியவர் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்கு வந்தப்புறம் நான் கேட்டேன் மேடம், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களான்னு. யோசிச்சிச் சொல்றேன்னாங்க. மறுநாள் மீன் கொண்டாரும்போதே சொல்லிட்டாங்க."

"நெத்திலி இருந்துச்சி, அதுக்குள்ள கெட்டுப்பூடும்னு சீக்கிரம் வந்தேன்" என்றாள் அவள், முகம் சிவந்துபோய்.

பெரியவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணத்தை அங்கேயும் பதிய வேண்டும். பெண்ணுக்கு முன்பு ஒரு கல்யாணம் நடந்திருந்தால், அது முடிந்ததற்குக் கோர்ட் தாள் வேண்டும் என்று தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள். கோயில் வாசலில் ஊரே பார்த்தது என்பதை எந்த நாட்டிலும் முத்திரை வைத்துத் தர மாட்டார்கள்.

எனக்கு இது மிகச் சுலபமான கேஸாகத் தெரிந்தது. பழைய புருஷனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பேரும் சம்மதம் என்று ஒரு மனு போடுவோம், பல வருஷமாகப் பிரிந்திருக்கிறீர்கள், சில மாதத்தில் முடிந்துவிடும் என்றேன். பெரியவர் "மெர்சி, மேடம்" என்று எழுந்து குனிந்தார். அன்று மாலை நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். பிரித்துப் பிரித்துக் கைகாய்த்த எனக்கு ஒரு சேர்த்துவைக்கிற வேலை வந்திருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

சொன்ன நாளில் மீன்காரியும் பெரியவரும் வந்து காத்திருந்தார்கள், பழைய புருஷன் வரவில்லை. அவருடைய இப்போதைய மனைவி வந்தாள். படியேறும்போதே சத்தம் வந்துவிட்டது. கீழே தையல் மெஷின் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

"எங்க வூட்டுக்காரர ஜெயில்ல வெக்கப் பாக்குறீங்களா?" என்று நேராக என்னிடம் கேட்டாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "நல்லா இருப்பியா நீ? என் பொண்ணுங்க உனக்கு என்னா பண்ணுச்சிங்க?" என்றாள்.

அவர்கள் ஊரில் யாரோ விவரம் தெரிந்தவர் அவளுக்குச் சொல்லியிருக்கிறார். சம்மத மனுவில் என்ன எழுதுவோம்? 'நாங்கள் இருவரும் இன்றுவரை சட்டப்படி கணவன் மனைவி, இனிமேல் பிரித்துவிடுங்கள்' என்று எழுதுவோம். இவர் இன்றுவரை அவளுடைய கணவர் என்று கையெழுத்துப் போட்டால், நடுவில் கட்டிக்கொண்ட இவள் யார்? கல்யாணத்துக்கு நிற்கும் பெரிய பெண்ணை நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால்? முதல் மனைவி இருக்கும்போதே இரண்டாவது கட்டினார் என்று அந்த மனிதர் மேல் ஒரு புகார் போனால்?

அவள் சொன்னது அத்தனையும் சரி. எனக்கு வந்த கோபம் அதனால்தான் இரண்டு மடங்காக வந்தது. கத்துகிறவர்கள் தப்பாகக் கத்தினால் அடக்குவது சுலபம்.

அதற்குள் என் கட்சிக்காரியும் எழுந்துவிட்டாள். "உன் புள்ளைங்க வாழ்க்கையில நான் ஏண்டி மண்ணப் போடப்போறேன்? உன் புருஷன் எனக்கு வேணும்னா அன்னிக்கே வெச்சிருந்திருக்க மாட்டனா?"

"அப்ப எதுக்கு இன்னும் பொண்டாட்டின்னு எழுதிக் குடுக்குற? பஞ்சாயத்துல அன்னிக்கு என்னா சொன்னாங்க? இன்னியிலேர்ந்து உனக்குக் கொழம்பு மீனு கெடையாதுன்னு சொன்னாங்களா இல்லியா? அன்னியிலேர்ந்து அவுரு கொழம்பு மீனு யாரு கூடையில வுழுது? என் கூடையில!"

"இல்லன்னு யாருடி சொன்னது? நான் ஏலத்துலதான எடுக்கறேன்! ஒருநாளாச்சும் உன் மீனுல கை வெச்சிருப்பனா?"

நான் மேஜையைத் தட்டினேன். பேனா ஸ்டாண்டு உருண்டு விழுந்தது. "நிறுத்துங்க ரெண்டு பேரும்! அதென்ன கொழம்பு மீனு?"

சண்டை அப்படியே நின்றது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருகருகே உட்கார்ந்து, ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்து, எனக்கு விளக்கினார்கள். படகு கரைக்கு வந்ததும் மீன் முழுவதும் ஏலத்துக்குப் போகும். அதற்கு முன்னால் படகில் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் அன்றைய குழம்புக்கென்று கொஞ்சம் மீனை ஒதுக்குவார்கள். அதை வாங்கும் உரிமை அவரவர் பெண்டாட்டிக்கு மட்டும். கூடையோடு போய் நின்றால் போதும், கேட்கக் கூட வேண்டாம். பஞ்சாயத்தில் அத்துவிட்டால் கடைசியாகச் சொல்லும் வார்த்தை, 'இனிமேல் இந்தப் பெண்ணுக்கு இவன் குழம்பு மீன் கிடையாது' என்பதுதான். மறுநாள் முதல் அந்தப் பெண் மற்ற வியாபாரிகளோடு வட்டத்தில் நின்று ஏலம் கேட்டுத்தான் அந்தப் படகு மீனை எடுக்க வேண்டும். ஊரில் அதற்கு அப்புறம் யாருக்கும் சந்தேகம் வராது.

நான் விழுந்த பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டே யோசித்தேன். இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு ஓரத்தில் ஒரு சலுகை இருக்கிறது. ஒரு சமூகத்தில் விவாகரத்து செய்துகொள்ளும் பழக்கம் நெடுங்காலமாக, விடாமல் இருந்து வந்தால், சட்டம் அதை அழித்துவிடவில்லை. ஆனால் அப்படி ஒரு பழக்கம் உண்டு என்று நிரூபிக்க வேண்டும், அதில்தான் பல கேஸ்கள் தோற்கும். 'எங்க ஊர்ல அப்படித்தான்' என்று வெறுமனே சொன்னால் எந்த நீதிபதியும் எழுதிக்கொள்ள மாட்டார். ஊர் கண்ணால் பார்க்கிற அடையாளம் ஒன்று வேண்டும். எனக்கு இப்போது அது ஒரு கூடை நிறையக் கிடைத்துவிட்டது.

இரண்டு வழியையும் சொன்னேன். முதல் வழி, சம்மத மனு. சீக்கிரம் முடியும். ஆனால் இவள் பிள்ளைகளுக்குச் சிக்கல் வரலாம். இரண்டாவது வழி, விவாகரத்தே கேட்காமல், எப்போதோ ஆகிவிட்டது என்று கோர்ட்டே அறிவிக்க வேண்டும் என்று கேட்பது. நீண்ட நாள் ஆகும். ஊர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். தோற்றுப்போனால் எல்லோருக்கும் தலைவலி, நீங்கள் இன்னும் அவர் மனைவிதான் என்று கோர்ட்டே எழுதிவிடும். எதையும் மறைக்காமல் சொன்னேன்.

என் கட்சிக்காரி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து வந்தாள். "மொத வழியில போனா எனக்கு வேல ஆயிடும்?"

"ஆயிடும்."

"இவ பொண்ணுங்களுக்கு?"

"உறுதியாச் சொல்ல முடியாது."

அவள் திரும்பிப் பெரியவரைப் பார்த்தாள். அவர் மூலையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். "நான் காத்திருக்கேன்" என்றார் அவர். "மீன் தினமும் வரும்தானே?"

"அது வராம எங்க போவும்" என்றாள் அவள். என்னிடம், "ரெண்டாவதையே போடுங்க வக்கீலம்மா" என்றாள். கத்திக்கொண்டு வந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "ஏலத்துல எல்லாம் இப்படி அழுவீங்களா?" என்று அவளைத் திட்டினேன்.

அவர்கள் ஊருக்கு நானே போனேன். விடிந்து வெயில் ஏறும் நேரம், படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அந்தப் பழைய புருஷனை அங்கேதான் முதலில் பார்த்தேன். கட்டையான, கூச்ச சுபாவமுள்ள ஆள். என்னைப் பார்த்ததும் வலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். அவர் மனைவி வாயைத் திறக்காமல் கூடையை நீட்டினாள், அவரும் வாயைத் திறக்காமல் ஒரு கை கெளுத்தியும் காரப்பொடி மீனும் போட்டார். பக்கத்திலேயே என் கட்சிக்காரி வட்டத்தில் நின்று, மற்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, அதே படகு மீனுக்கு ஏலம் கேட்டுக்கொண்டிருந்தாள். விலையை ஏற்றியவள் மேல் அவள் விட்ட வசவை நான் இங்கே எழுத முடியாது.

பஞ்சாயத்தார்தான் பிடி கொடுக்கவில்லை. கோயில் எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சோடா கொடுத்து, மரியாதையாகவே மறுத்தார்கள். "கோர்ட்டுக்கு வந்தா எங்களத்தாம்மா நிக்கவெச்சிக் கேப்பாங்க. உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தான்னு. நமக்கு எதுக்கு வம்பு?"

நான் சோடா பாட்டிலைக் கீழே வைத்தேன். "அன்னிக்கு இதே எடத்துல ஒக்காந்து அத்துவுட்டீங்க. அப்ப யாருகிட்ட அதிகாரம் கேட்டீங்க? அத்துவுடத் தெரிஞ்சவங்களுக்கு அத்துவுட்டோம்னு சொல்ல மட்டும் வாய் வராதா?" என் குரல் கொஞ்சம் பெரிய குரல். ஏலக் கூட்டத்தில் பாதி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

முதலில் சிரித்தது மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாள். "அவங்க வர்லன்னா கெடக்கட்டும், நான் வர்றேன். என்னையும் இங்கதான் அத்துவுட்டாங்க, இவனுங்க அப்பன்மாருங்க" என்றாள். அப்புறம் இன்னொருத்தி எழுந்தாள். பெண்கள் கிளம்பிவிட்டார்கள் என்றதும் பஞ்சாயத்தார் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, தாங்களும் வருவதாக முன்பே நினைத்திருந்ததாகச் சொன்னார்கள்.

விசாரணை நாளில் குடும்ப நீதிமன்ற வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அந்த வயதான அம்மாள் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு இறங்கினாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி ஒருவருக்கொருவர் புடவை விலை விசாரித்துக்கொண்டார்கள். விவாகரத்து கேட்டு வந்து மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருந்த மற்ற ஜோடிகள் இவர்களை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

எனக்கு மட்டும் பயம்தான். எதிர்க்கட்சி இல்லாத கேஸ் சுலபம் என்று வெளியில் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பேசினால் நீதிபதிக்குத்தான் சந்தேகம் வரும், இவர்கள் சேர்ந்து ஏதோ ஜோடிக்கிறார்கள் என்று. அந்த நீதிபதி அம்மாவும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு தானே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

வயதான அம்மாளிடம், "உங்களுக்கு விவாகரத்து ஆனதுன்னு எப்படி உறுதியா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"எம் புருஷன் செத்தப்ப நான் பொட்டு அழிக்கலியேம்மா. ஊரும் அழிக்கச் சொல்லல. கொழம்பு மீனு நின்னவளுக்கு யாரும்மா பொட்டு அழிப்பாங்க?" என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. நான் நிமிர்ந்து பார்க்காமல் குறிப்பு எழுதுகிற மாதிரி இருந்தேன். அவள் இதை என்னிடம் கூட முன்பே சொல்லவில்லை.

பழைய புருஷன் கூண்டில் ஏறி, எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார். கடைசியில் என் கட்சிக்காரி. அவளையும் நீதிபதி அம்மாவே கேட்டார்.

"பஞ்சாயத்து முடிஞ்ச பிறகு என்னைக்காவது அவரிடம் குழம்பு மீன் வாங்கியிருக்கீங்களா?"

"இல்லீங்கம்மா."

"ஒரு தடவை கூட?"

அவள் தயங்கினாள். "ஒருவாட்டி எனக்கு ஜொரம். ஏலத்துல நிக்க முடியல. அவுரு பாவம் பாத்து ரெண்டு காரப்பொடிய எடுத்து என் கூடையில போட்டாரு. நான் எடுத்து மணல்ல வெச்சிட்டேன்."

"ஏன்?"

"வாங்கிட்டா பொண்டாட்டின்னு ஆயிடுமேம்மா. ஊரு பாக்குதுல்ல."

நீதிபதி அம்மா அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். கூண்டுக்குக் கீழே பழைய புருஷன், அந்தக் காரப்பொடியை இன்னும் மறக்காதவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

தீர்ப்பு வருவதற்கு அடுத்த மழைக்காலம் ஆகிவிட்டது. பஞ்சாயத்து கூடிய அன்றே அந்தத் திருமணம் முடிந்துவிட்டது என்று கோர்ட் அறிவித்தது. தாளைக் கையில் கொடுத்து அர்த்தம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதத்தான வக்கீலம்மா நான் மொத நாளே படியேறி வந்து சொன்னேன்?" என்றாள்.

பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்தை யார் போடுவது என்று பேச்சே எழவில்லை. என் ஆபீஸ் படியில் கத்திக்கொண்டு ஏறியவள் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். பெரியவரின் பிள்ளைகள் வீடியோ காலில் கையாட்டினார்கள். அன்று அவருடைய உப்பளத்து வீட்டில் சாப்பாடு. கேக்கும் இருந்தது, இறால் தொக்கும் இருந்தது, கிராமத்தில் பாதியும் இருந்தது.

இலை போடும் நேரத்தில் பழைய புருஷன் வந்தார். தோளில் ஒரு வஞ்சிரம். அவ்வளவு பெரியதை நான் மார்க்கெட்டில் கூடப் பார்த்ததில்லை. நேராகப் போய்க் கல்யாணப் பெண் முன்னால் நீட்டினார். அவளும் பழக்க தோஷத்தில் கையை நீட்டி, பாதியில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயையோ, சும்மா வாங்க மாட்டேன்! கோர்ட்டுல சொல்லியிருக்கேன்!"

அந்த மனிதர் மீனைத் திரும்பத் தோளில் போடுவதா, கீழே வைப்பதா என்று தெரியாமல் விழித்தார். அவர் மனைவிதான் அவரை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "என்னா முழிக்கிற? ஏலம் வுடு."

"ஒரு ரூபா" என்றாள் கல்யாணப் பெண்.

அந்தக் கூடத்தில் இருந்தது அத்தனையும் மீன் வியாபாரம் செய்கிற பெண்கள். அரை ரூபாய்க்கு ஒருத்தி தலைமுடியை இன்னொருத்தி பிடிக்கிறவர்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், சட்டம் படித்தவள் நான்தான் என்று. "ஒரு தரம், ரெண்டு தரம்" என்றேன். மூன்றாவது தரத்தை எனக்கு முந்திக்கொண்டு பழைய புருஷனின் மனைவி சொன்னாள். பெரியவர் பர்ஸைத் திறந்து ஒரு ரூபாய் நாணயத்தைத் தேடி எடுத்து, பழைய புருஷன் கையில் மரியாதையாக வைத்தார்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, நான் வேறொரு ஜோடியைத் திட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெரியவருக்குச் செக்கப், கோரிமேட்டில் இருக்கிறார்கள்.

"வக்கீலம்மா, கேட்டாங்க" என்றாள். குரல் படபடத்தது.

"என்ன கேட்டாங்க?"

"பேஷண்டுக்கு என்னா உறவுன்னு."

"என்ன சொன்னீங்க?"

"பொண்டாட்டின்னேன். சத்தமாச் சொல்லிட்டேன் போல, வரிசையில இருக்கறவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவுங்க சரின்னு எழுதிக்கிட்டு அடுத்த ஆளக் கூப்புடுறாங்க! இம்மாம் பாடுபட்டு வாங்குன பேப்பரு, கோர்ட்டுது கல்யாணத்துது ரெண்டையும் பையிலயே வெச்சிருந்தேன். யாருமே கேக்கல வக்கீலம்மா!"

"கேக்கலன்னா விடுங்களேன்."

"எப்பிடி வுடுறது? நானே எடுத்துக் காட்டிட்டு வந்தேன்" என்றாள்.